ஜல்லி மாமாவின் கல்வட்டம்

லாபமில்லாத காரியம் செய்த ஒரே குற்றத்துக்காகத் தெரு முழுவதும் சந்தேகப்பட்ட மனிதர் கடலூர் மாவட்டத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் செம்மண்டலம் ஜல்லி மாமா. ஜல்லி, மணல் வியாபாரம். சொந்தப் பெயர் அவர் வீட்டு கரண்ட் பில்லில் இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை.

விழுப்புரம் பக்கம் லோடு ஏற்றப் போனவர், ஒரு குன்றடியில் பழைய கல்வட்டத்தைப் பார்த்திருக்கிறார். செத்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் பெரிய கற்களை வைத்த ஆதிகாலத்துச் சமாதி. அடுத்த தடவை போனபோது வட்டம் இல்லை. உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்களாம். அந்த ஜல்லி தன் லாரியிலேயே வந்திருக்குமோ என்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாளில், என் வீட்டை ஒட்டிய அவருடைய காலி மனையில் கிரேன் வைத்து ஆளுயரக் கற்களை வட்டமாக நட ஆரம்பித்துவிட்டார்.

"என்னா மாமா இது?"

"கல்வட்டம் மாப்ள. அசலு போச்சு. நகலாவது இருக்கட்டும்."

"சரி, உங்களுக்கு இதுல என்னா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

அங்கேதான் எனக்கு இடித்தது. மனை விற்கிற விலையில், ஒன்றும் கிடைக்காமல் ஒருத்தர் கல் நடுவாரா? புதையல் என்றாள் என் மனைவி. சாமியாராகப் போகிறார் என்றார் மாடிவீட்டு வாத்தியார். நான் சிதம்பரத்தில் வேலை முடிந்து பஸ் இறங்கியதும், உண்டியல் வந்துவிட்டதா என்று முதலில் அந்த மனையைத்தான் எட்டிப் பார்ப்பேன்.

உண்டியல் வரவில்லை. அமாவாசை வந்தது. காலையில் தெருவையே கூப்பிட்டு வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார்.

"திதி குடுக்க ஆளில்லாம போனவுங்க எல்லார் வூட்லயும் இருப்பாங்க. அவுங்க பேரை ஒரு தடவை சொல்லுங்க, போதும்."

ஐயர் இல்லை, தட்சணை இல்லை. முடிந்ததும் அவர் செலவில் சுண்டல் வேறு. சும்மா சுண்டல் கொடுக்கிறவர் எதற்கோ அடிபோடுகிறார்! சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நட்ட கல்லை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? மறுநாளே மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். ஒரு அம்மா பேரன் வேண்டித் தொட்டில் கட்ட இடம் தேடினார். மாமா பாத்திரம் தேய்க்கும் சோப்போடு வந்து கல் கல்லாகத் தேய்ப்பார்.

"யம்மா, இது சாமி இல்லம்மா! கல்லு! வெறுங்கல்லு!"

"சாமிதான் உங்கள அப்டிப் பேச வைக்குது" என்று அந்த அம்மா அவர் காலிலேயே விழுந்தார்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. வட்டம் பிசகக் கூடாது என்ற பிடிவாதத்தில் இரண்டு கற்கள் மனையைத் தாண்டிச் சந்தில் நின்றன. யாரோ மனு போட்டுவிட்டார்கள். ஒரு காலையில் அதிகாரியும் ஜேசிபியும் வந்து நின்றார்கள்.

"ரெண்டையும் உள்ளாற தள்ளி வச்சிக்கலாமே மாமா" என்றேன்.

"அமுங்கிப் போனா அது வட்டமா மாப்ள? பூசணிக்கா! ரெண்டு கல்லு போச்சுன்னா எல்லாமே போவட்டும். நானும் வூட்ட வித்துட்டுக் காட்டுமன்னார்கோயில்ல தம்பியோட போயி இருந்துக்கிறேன்." சொல்லிக்கொண்டே சந்தில் நின்ற கல்லைத் தடவினார்.

அதிகாரி நல்ல மனிதர். "கோயிலா பெரியவரே? கோயில்னா மேல எழுதிக் கேக்கணும்" என்று தானாகவே வழிவிட்டார். ஒரு தலையாட்டல் போதும். மாமாவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கோயில் இல்ல சார், கல்லு" என்றார். அட மனுஷா!

சந்தில் நின்ற முதல் கல்லின் மேல் ஜேசிபி கையைத் தூக்கியது. இந்த ஆள் தெருவை விட்டே போய்விடுவாரே என்று எனக்குப் பகீரென்றது. "ஐயோ, ஆத்தா!" என்று அலறிக்கொண்டு அந்தக் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். டிரைவர் இன்ஜினை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், நான் புள்ளகுட்டிக்காரன். தொட மாட்டேன்."

"சாமி சமாச்சாரம், நமக்கெதுக்கு வம்பு" என்று அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

மாமா என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். கண்ணில் தண்ணீர், வாயில் வசவு.

"இத்தினி நாளா என்னை வேவு பாத்தவன், இப்ப ஏன்யா பொய் சொல்லி வுழுந்த?"

"நீங்க பாட்டுக்குப் போயிட்டா, நான் யாரை மாமா சந்தேகப்படுறது?" என்றேன்.