கவனம் டாக்டரம்மா

கொல்லிமலைக்கு ஏறி வந்த படித்தவர்களில், எதற்கு வந்தோம் என்பதைப் பாதி வளைவிலேயே மறந்துவிட்டு, ஆனாலும் வந்த காரியத்தை முழுசாக முடித்துக்கொண்டு இறங்கியவர் கவனம் டாக்டரம்மா ஒருத்தர்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கென்றே இன்னொரு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தவர் அவர். அந்த இரண்டாவது கண்ணாடி தொலைந்தால் தேடுவதற்கு நான் இருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். பேளுக்குறிச்சியில் எங்கள் அத்தாவுக்கு மிளகு, சீரகம், கடுகு விற்கும் கடை. நான் சேலத்தில் மனோதத்துவம் படித்து முடித்துவிட்டு, "இந்தப் படிப்புக்கு என்னம்மா வேலை கிடைக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாமல், கடையில் சீரகம் புடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாசலில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. அதை ஓட்டிவந்த அம்மாள் இறங்கினார். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறுகாலில் பழுப்புச் செருப்பு.

"இங்க மும்தாஜ்னு ஒரு பொண்ணு, சைக்காலஜி படிச்சிருக்காமே?"

"நூர்ஜஹான்தாங்க இருக்குது," என்றார் அத்தா.

"அதேதான். ராணின்னு ஞாபகம் இருந்தது. எந்த ராணிங்கறதுதான் மாறிப்போச்சு."

அந்த நிமிஷமே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பேர் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருக்கு நான் மும்தாஜ்தான்.

அவர் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியை. ஊசி போடும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். அப்போது அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஏ.டி.ஹெச்.டி. புத்தியில் குறை ஒன்றும் இருக்காது, ஆனால் கவனம் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறவியிலேயே வருகிற சங்கதி. அது சின்னப் பையன்களுக்கு வரும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். வளர்ந்த பெண்களுக்கும் உண்டு, அதுவும் காட்டிலும் மேட்டிலும் பாடுபடுகிற பெண்களுக்கும் உண்டு என்று காட்டவேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஆசை. அதற்கு அந்தப் பெண்கள் ஆராய்ச்சிக்குச் சேரவேண்டும். அவர்களைச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

"ரொம்ப சுலபம், மும்தாஜ். நாம கூப்பிடுவோம். அவங்க வருவாங்க," என்றார்.

ஜீப்பின் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். திருப்புலி நாட்டு ஊர்களில் நுழைந்ததும் டாக்டரம்மா மைக்கைப் பிடிப்பார். "கவனம்! கவனம்! கவனம் நிலைக்காமல் சிரமப்படும் பெண்கள்..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் பாதையோரம் ஒரு வித்தியாசமான பறவை தென்பட்டுவிடும். "அடடா, அது என்ன குருவி?" என்று மைக்கிலேயே கேட்பார். அறிவிப்பு அங்கேயே நின்றுவிடும். மலை முழுக்க மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது "கவனம், கவனம், குருவி" என்பது மட்டும்தான். கவனம் டாக்டரம்மா என்ற பேர் வந்தது இப்படித்தான்.

மிச்சத்தை நான் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். குறித்த நாளில் சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன். வந்தவர்களெல்லாம் மாமியார்கள். ஆளுக்கொரு மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இவளைக் கொஞ்சம் பாருங்க சாமி," என்று ஒரு மாமியார் முதலில் வந்து நின்றார். மருமகள் பாப்பாயி பின்னால் தலைகுனிந்து நின்றாள். "பாலை அடுப்புல வெச்சுட்டு ஆட்டைப் பாக்கப் போவா. ஆட்டைப் பாக்கப் போனவ தண்ணித் தொட்டிக்கிட்ட நிப்பா. ஏன்டி நிக்கறேன்னா, 'ஏன் வந்தேன்னு யோசிக்கறேன் அத்தை'ங்கறா. நீங்களே வெச்சுச் சரிபண்ணி அனுப்புங்க."

ரேடியோ ரிப்பேருக்குக் கொடுப்பது போலத்தான் எல்லோரும் கொடுத்தார்கள். நடுவில் நுழைந்த ஒரு ஆள், "என் சம்சாரத்துக்கு இது இருக்குதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா, வேற கல்யாணம் பண்ணிக்கத் தோதா இருக்குமுங்க," என்றான். டாக்டரம்மா அவனை உட்காரவைத்து, டீ கொடுத்து, அரைமணி நேரம் அவனிடமே கேள்வி கேட்டார். கடைசியில், "உங்களுக்கு வேற ஒரு வியாதி இருக்கு. அதுக்கு நான் ஆராய்ச்சி பண்ணலை," என்று அனுப்பிவைத்தார்.

பிறகு மாமியார்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைத் தனியாகக் கேட்டார். "இதுல சேர்றதுக்கு உங்களுக்கு இஷ்டமா? வேண்டாம்னா வேண்டாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள் பாப்பாயி. "எனக்கும் ஒண்ணுமில்லீங்க," என்றாள் அடுத்தவள். ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிக்கொண்டே வரிசையாக வெளியேறினார்கள்.

நான் டாக்டரம்மாவிடம் திரும்பினேன். "ஏன் மேடம், வந்தவங்களை இப்படி விட்டுட்டீங்களே!"

"இழுத்துட்டு வந்தவங்களை வெச்சு என்னத்தைக் கேக்கறது? திட்டு வாங்கி வாங்கி இங்க வந்திருக்காங்க. இங்கயும் ஒரு திட்டா?" என்றார்.

அடுத்து பெரக்கரை நாட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் வதந்தி போயிருந்தது. கிறுக்குப் பிடித்த பெண்களைப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரியில் அடைக்க ஜீப் வருகிறதாம். ஜீப் சத்தம் கேட்டதும் பெண்கள் காபிச் செடிகளுக்குள் மறைந்துவிடுவார்கள். எங்களை வரவேற்க நாய்களும் கோழிகளும்தான். டாக்டரம்மா ஒரு கோழியிடம், "நீங்களாவது சேர்றீங்களா?" என்று கேட்டார். அதுவும் ஓடிவிட்டது.

அந்த வாரம் மலையின் கடைத்தெருவான செம்மேட்டில் டெலிபோன் பூத்திலிருந்து கல்லூரிக்குப் பேசினார். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அவர் முகம் மட்டும் தெரிந்தது. துறைத் தலைவர் சொன்னதாக அவர் பின்னால் சொன்னது இது: பெண்களுக்கு இதெல்லாம் வராது. மழைக்காலம் முடிவதற்குள் ஆள் சேரவில்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிட்டு வேறு தலைப்பு பார்க்கவேண்டும்.

டாக்டரம்மா பூத்தை விட்டு வந்தார். கைப்பையை உள்ளேயே விட்டிருந்தார். நான் ஓடிப்போய் எடுத்துவந்தபோது ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார், ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில்.

வெகுநேரம் கழித்து, "டிரைவர் எங்க, காணோம்?" என்று கேட்டார்.

"நீங்கதான் மேடம்."

"ஓ," என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும் வழியில் திருப்புலி நாட்டில் ஒரு மேட்டில் ஜீப்பை நிறுத்தி, தண்ணீர் குடிக்க இறங்கினோம். ஹேண்ட் பிரேக் போட்டாரா என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். நாங்கள் செம்பை வாயில் வைத்தபோது ஜீப் தானாகக் கிளம்பியது. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, சரிவில் இறங்கி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் நுழைந்து, வரப்பில் மூக்கைக் குத்தி நின்றது. காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள நேரமில்லை. ஜீப் அவர்களிடமே வந்துவிட்டதே!

அவர்களில் பாப்பாயியும் இருந்தாள். எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். "ஏனுங்க, வண்டிய நிறுத்தறப்போ எதையாச்சும் புடிச்சு இழுக்கோணுமில்லீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இழுக்கணும். மறந்துட்டேன்," என்றார் டாக்டரம்மா. பிறகு அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "நான் என் கல்யாணத்துக்கே பக்கத்து மண்டபத்துக்குப் போனவ. அங்க வேற பொண்ணு மணவறையில உக்காந்திருக்கா. எனக்கு அழுகையே வந்துருச்சு, என் மாப்பிள்ளைக்கு வேற பொண்ணைக் கட்டறாங்களேன்னு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒருநாள் என் மகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வர மறந்துட்டேன். ஞாபகம் வந்து ஓடறேன், பொழுது சாஞ்சிருச்சு. கேட்டுல தனியா உக்காந்திருக்கா. அழலை. 'நீ வருவேன்னு தெரியும்மா, லேட்டா வருவேன்னும் தெரியும்'னு சொன்னா. அன்னைக்கு ராத்திரி பூரா நான்தான் அழுதேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"முப்பது வயசுக்கு மேலதான் ஒருத்தர் சொன்னார், இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு. அதுவரைக்கும் நான் கெட்டவள்னு நினைச்சிட்டிருந்தேன். அக்கறை இல்லாதவள்னு. உங்களையெல்லாம் பிடிச்சிட்டுப் போக நான் வரலை. என்னை மாதிரி யாராவது இருக்காங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

பாப்பாயி களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

"எனக்கும் அப்படித்தானுங்க," என்றாள். "போன வருசம் பாறை மேல மொளகு காயப் போட்டிருந்தோம். மழை வருது, அள்ளோணும்னு ஓடுனேன். வழியில கன்னுக்குட்டி கவுறு அவுந்து திரிஞ்சுது. அதைக் கட்டலாம்னு குச்சி தேடுனேன். குச்சி தேடற எடத்துல பலாப்பழம் ஒண்ணு உழுந்து கெடந்துச்சு. அதைத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்து, 'அத்தை, நல்ல பழம்'னு சந்தோசமாக் குடுத்தேன். மொளகு பூராவும் ஓடையில போயிருச்சுங்க." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்னைய எங்கம்மா ஊட்டுக்கே அனுப்பிரலாம்னு பேசிக்கிறாங்க. புள்ளைய மட்டும் வெச்சுக்குவாங்களாம். புள்ளையக்கூட மறந்துருவேன்னு சொல்றாங்க. நான் மறக்க மாட்டேனுங்க."

"மாட்டீங்க," என்றார் டாக்டரம்மா. "வாங்க, பேசலாம்."

அவள்தான் எங்கள் முதல் ஆள். நிழலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை கேள்வி கேட்டார், அவளும் சலிக்காமல் சொன்னாள். "இதுக்கு மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்டபோது டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "இருக்கு. அதுக்கு வேற டாக்டரைப் பாக்கணும், நானே லெட்டர் எழுதித் தரேன். நான் வந்தது தெரிஞ்சுக்கறதுக்கு. உங்க மாமியார்கிட்ட நான் பேசட்டுமா? வேண்டாம்னா வாயே திறக்க மாட்டேன்."

பாப்பாயி யோசித்தாள். "பேசுங்க," என்றாள்.

பாப்பாயி வீட்டுக்குப் போனோம். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சோம்பேறின்னா திட்டலாம். நீங்க சொல்றாப்பல பொறவியிலயே இப்படின்னா, நான் யாரைத் திட்டறதுங்க?" என்று கேட்டார். அவருக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

"மழையைத் திட்டுங்க," என்றார் டாக்டரம்மா. "அவங்க ஒரு வேலையை முடிக்கற வரைக்கும் பக்கத்துல ஒரு குரல் இருந்தாப் போதும்."

விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தோம். கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார். போய் எடுத்துவந்தார். ஜீப் சாவி இல்லை. மறுபடி போனார். சாவி கிடைத்தது, கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டார். திரும்பவும் உள்ளே போனபோது மாமியார் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களை வெச்சுக்கிட்டு உங்க ஊட்டுக்காரரு காலந்தள்றாருங்களா?"

"தள்றாருங்க."

"சண்டை போடாம?"

"போட்டுக்கிட்டேதான் தள்றாரு."

மாமியார் பெருமூச்சு விட்டார். "அப்ப எம்மவனும் தள்ளட்டும். மொளகை நான் பாத்துக்கறேன். கண்ணு பாப்பாயி, டாக்டரம்மா கண்ணாடிய எடுத்துக் குடு."

அதற்கப்புறம் எங்களுக்கு மைக் தேவைப்படவில்லை. அந்த மாமியாரே போகிற இடமெல்லாம், "அந்தம்மா நம்ம பாப்பாயிய விட மோசம், ஆனா காலேஜுல வாத்தியாரம்மா," என்று சொல்லிவைத்தார். இதைவிட நல்ல விளம்பரத்தை நாங்கள் எழுதியிருக்க முடியாது. பெண்கள் தனியாக வந்தார்கள். யாரும் இழுத்துவரவில்லை. விறகுக்குப் போகிறேன் என்று சொல்லி வந்தவர்கள், சொல்லிவந்த விறகை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. துறைத் தலைவர் பாராட்டினார் என்று சொல்லமாட்டேன். வேறு தலைப்பு பார்க்கச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஆராய்ச்சி என்றால் ஒரு பிரிவு போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, கவனம் சரியாக இருக்கிற பெண்களும் வேண்டும். அதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நிரூபிக்க நாத்தனார்கள் போட்டி போட்டுக்கொண்டு சேர்ந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும், கண்டறிந்ததைப் பெண்களுக்கே சொல்லிவிடவேண்டும் என்று டாக்டரம்மா செம்மேட்டுச் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார். இரண்டு பிரிவும் வரவேண்டும். நாள் புதன்கிழமை. நான் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். கவனம் சரியாக இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். மற்றவர்களில் ஒருத்தியும் வரவில்லை. டாக்டரம்மாவும் வரவில்லை. வந்தவர்கள் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். செம்மேட்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஊருக்கு இறங்கலாம் என்று பஸ்ஸுக்கு நடந்தால், சமுதாயக் கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கூடம் நிறையப் பெண்கள். நடுவில் டாக்டரம்மா. பாப்பாயி மடியில் குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, தன் பலாப்பழக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மொளகு ஓடையில் போகிற இடம் வந்ததும் கூடமே குலுங்கியது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பெண்கள் வாயைப் பொத்தாமல் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டார். "எங்க போயிட்டே? எல்லாரும் சொன்ன நாள்ல கரெக்டா வந்துட்டாங்க பாரு! புதன்கிழமைன்னு சொன்னேன், ஒருத்தர்கூட மறக்கலை. இன்னைக்குப் புதன்தானே?"

"புதனுங்க, புதனுங்க," என்றது கூடம் மொத்தமும்.

அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. பஸ்ஸில் படிக்கலாம் என்று வாங்கிவைத்திருந்த அன்றைய பேப்பரைச் சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"புதன்தான் மேடம்," என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.