இருள்வேந்தன் இறந்த அத்தியாயம்

ஒரு காட்டில், வனத்துறை வரைபடத்தில்கூட இடம்பெறாத ஒரு காட்டில், அஞ்சனாட்சி என்னும் தேவாங்கு இருந்தது. அதிகாரம், துயரம், தியாகம் மூன்றையும் பற்றி இருண்ட பெருங்கதை ஒன்றைத் தேக்கிலைகளில் எழுதி, ஒவ்வோர் அத்தியாயமாக ஆலமரத்தில் மாட்டிவைக்கும். கூட்டம் முண்டியடிக்கும். முன்வரிசையில் எப்போதும் சிங்கராஜா.

சிங்கராஜா முறை தவறாதவர். யாரையும் துரத்திப் பிடிக்கமாட்டார். டோக்கன் கொடுத்து, வரிசைப்படிதான் சாப்பிடுவார்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாரை மந்திரி இறந்தார். அவரை எதற்குக் கதைக்குள் கொண்டுவந்தோம் என்பதே அஞ்சனாட்சிக்கு மறந்துபோயிருந்தது. சிங்கராஜாவோ தேம்பி அழுது, காட்டு வழக்கப்படி பதினாறு நாள் துக்கம், அதுவரை கவிச்சி கிடையாது என்று அறிவித்துவிட்டார். செத்தவர் இலையில் மட்டுமே வாழ்ந்தவர் என்று செயலாளர் நரி பிறகு எடுத்துச் சொன்னது. அழுதது அழுததுதான், அறிவிப்பைத் திரும்பப் பெறப் படிவமும் இல்லை என்று சொல்லி, ராஜா விளாம்பழத்தை உடைத்தார்.

மறுநாள் டோக்கன் அஞ்சனாட்சியின் கீழ்வீட்டுச் சருகுமான் கொழுந்தப்பனுடையது. அது மரத்தடிக்கு வந்து நின்றது.

“நாரை புண்ணியத்தில் இன்று இருக்கிறேன், அக்கா. பதினாறு கழிந்தால் நான்தான்.”

பதினாறு கழிந்த அன்று இளவரசி இறந்தாள். பிறகு இரட்டைத் தளபதிகள் இறந்தார்கள்; ஒரே போரில் சாகவேண்டியவர்கள், பதினாறு நாள் இடைவெளியில் செத்தார்கள். சமையல்காரர் தடுக்கி விழுந்து செத்தார். நிலையாமையை இவ்வளவு ஆழமாக எவரும் எழுதியதில்லை என்று கோட்டான் கட்டுரை எழுதியது. கொழுந்தப்பன் ஒரு சுற்றுப் பெருத்தது. சிங்கராஜாவுக்கு விலா எலும்பு தெரிந்தது.

ஒரு நண்பகலில் ராஜாவே மரத்தடிக்கு வந்தார்.

“இன்னும் எத்தனை பேர் மிச்சம், அம்மணி?”

“ஒருவர்தான், ராஜா. இருள்வேந்தன்.”

சிங்கராஜா பிடரியைக் கோதிக்கொண்டார். இருள்வேந்தனின் நடையும் கர்ஜனையும் யாரைப் பார்த்து எழுதியவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. “அவனையாவது விட்டுவை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விட்டுவைக்கத்தான் அஞ்சனாட்சிக்கும் ஆசை. அது எழுதியதிலேயே உயிருள்ள பாத்திரம் அவன்தான். அவனை வைத்து இன்னும் ஏழு பாகம் எழுதலாம். அவன் போனால் கதையே போயிற்று. கீழே கொழுந்தப்பன் டோக்கனைக் காலடியில் வைத்துக்கொண்டு புல் மென்றது. அஞ்சனாட்சி அழுதுகொண்டே ஓர் இலையை எடுத்தது. அரைப் பக்கத்தில் இருள்வேந்தன் இறந்தான்.

சிங்கராஜா மூன்று முறை படித்தார். கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்ததுபோல் மண்ணில் புரண்டார். நரி பதினாறு நாளைக் குறித்துக்கொள்ளப் போனபோது தடுத்தார்.

“கண்டவருக்கெல்லாம் பதினாறு. அரசனுக்கும் அதேதானா? தலைத்திவசம்வரை ஓராண்டு போடு. அதற்குப் பிறகும் இந்தப் பல்லில் கவிச்சி படாது.”

அன்றே டோக்கன்கள் ரத்தாயின.

கொழுந்தப்பன் மரத்தடிக்கு ஓடிவந்தது. அஞ்சனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தது.

“எல்லாம் சரி, அக்கா,” என்றது கொழுந்தப்பன். “முடிவுதான் கொஞ்சம் அவசரமாகப் போய்விட்டது.”

நீதி: இரக்கமுள்ள எழுத்தாளர் தம் பாத்திரங்களில் ஒருவரையும் உயிரோடு விடக்கூடாது. பிழைத்தவர்கள் விமர்சனத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.