வகிடு எடுத்த எலி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நானும் உங்கள் மருமகளும் இந்தத் தீவில் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் உங்களிடம் விட்டுவந்த பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். நேற்று உங்கள் மருமகள் "எலி வந்துடுச்சு மாமா" என்று அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டாள், பதறியிருப்பீர்கள். எலி இல்லை. நடந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இங்கே கடற்பறவைகள் தரையில்தான் முட்டையிடும். முன்பெல்லாம் எலிகள் ஒன்று விடாமல் தின்று தீர்த்தன. ட்ரோனில் மருந்து தூவி அவற்றை ஒழித்த பிறகு, உங்கள் மருமகள் தீவு முழுக்கக் கேமரா கட்டி வைத்திருக்கிறாள். எது அசைந்தாலும் படம் பிடித்து, இன்ன பிராணி என்று அதுவே கண்டுபிடித்துப் போனுக்குச் சொல்லும். நேற்று "எலி" என்றது. ஒரு சினை எலி போதும், அவள் உழைப்பெல்லாம் பாழ். கடைசியாகத் தீவுக்கு வந்தவன் நான் என்பதால் இங்குள்ள வனத்துறை அதிகாரி என் பையைக் கவிழ்த்து, பனியனைக்கூட உதறிப் பார்த்தார். "அப்பா, படகுல ஏறும்போது பையை நல்லாப் பார்த்தீங்களா?" என்று இவள் கண் கலங்கக் கேட்கிறாள். அந்தக் கேமரா இருப்பதோ பாறைச் சரிவில். காற்று தணிந்தால்தான் இறங்க முடியும். அதனால் மேலே புதர் புதராகத் தேடினோம். நானும் தலையில் துண்டும் கையில் கம்புமாக அலைந்தேன். துண்டு எதற்கென்றால், முந்தைய நாள் அடித்த காற்றில், சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

சாயங்காலம் அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். "ஏம்மா, இந்த எலிக்கு வகிடு எடுத்திருக்கே" என்றார். உங்கள் மருமகள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, துண்டை அவிழுங்க." அவிழ்த்தேன். ஆமாம் சம்பந்தி, "இந்த வயசுலயும் என்ன முடி" என்று இத்தனை வருஷம் நீங்கள் வியந்தது டோப்பா. காத்துல பறந்து போய்ப் பாறையில மாட்டி ஆடிக்கிட்டு இருந்திருக்கு, மெஷின் அதை எலின்னுடுச்சு, நான் என்னங்க பண்றது. இவ அழுதுகிட்டே சிரிச்சா பாருங்க, எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க, எனக்கு டோப்பாவோட போச்சு.

நாளை காலை அதை எடுத்துவந்து, அலசிக் காயவைத்து, வழக்கம்போல் அதோடுதான் உங்கள் வீட்டுக்கு வருவேன். சம்பந்தியம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பேத்திக்கு ஆயிரம் ஆசிகள். உங்கள் இருவருக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
நிம்மதியாக மூச்சுவிடும் உங்கள் சம்பந்தி

பி.கு. (மறுநாள் எழுதியது): இன்று காலை எடுக்கப் போனோம். ஒரு பறவை அதில் முட்டையிட்டு உட்கார்ந்திருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று உங்கள் மருமகளே உத்தரவு போட்டுவிட்டாள். போதாததற்கு எதிரே நேரலைக் கேமரா வேறு வைத்திருக்கிறாள். சம்பந்தியம்மா காலையிலிருந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறாராம். "கூடு மெத்துனு இருக்கு, ஆனா இந்த வகிட்டை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றாராம்.