தானாக மங்கும் டிவியும் என் வெற்றிக் கோப்பையும்

அருமை மருமகனுக்கு,

உன் தாய்மாமன் உடம்பில் சுகத்தோடும் மனசில் அலுப்போடும் எழுதிக்கொண்டது. உன் வீட்டில் எல்லாரும் நலமா? அங்கே வந்து தங்கியிருக்கிற என் அக்கா, அதாவது உன் அம்மா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று தெரிந்தால் தேவலை.

நடந்தது அத்தனையும் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். நீ அனுப்பிய தட்டை டிவியின் அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றைக்கே, "இது இந்த வீட்டில் ஆளைப் பிரிக்கும்" என்றேன். தெர்மாகோல் போட்ட கிரீச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

முதல் வாரம் படம் பளபளவென்றுதான் இருந்தது. டிவி மேஜை மொட்டையாகத் தெரிகிறதே என்று, மில் விளையாட்டுப் போட்டியில் எண்பது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் தூக்கி நான் ஜெயித்த கோப்பையை அதன் முன்னால் நடுநாயகமாக வைத்தேன். அப்போது பிடித்தது சனியன். செய்தி வாசிக்கிறவர் நல்ல சிவப்பு, எங்கள் வீட்டில் மட்டும் கருத்துப்போனார். கிரிக்கெட்டில் பட்டப்பகலில் பந்து தெரியவில்லை. சனிக்கிழமை அக்கா தூசி துடைத்தால் படத்தில் வெளிச்சம் வரும், ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும். அவள் துடைத்துவிட்டுக் கோப்பையை ஓரத்தில் ஒதுக்கி வைப்பாள், நான் மறுநாள் நடுவுக்கு இழுத்துவிடுவேன், அது எங்களுக்குள் பழகிப்போனது, அதை விடு. நான் சும்மா இருப்பேனா? ரிமோட் பேட்டரியை வெயிலில் காயவைத்தேன், ஜன்னல் திரையைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன், ஸ்டூலில் ஏறிப் பெரிய பல்பு போட்டேன், இறங்கும்போது ஸ்டூல் மட்டும் முதலில் இறங்கிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே மெனுவுக்குள் போய் எதையோ அழுத்த, எழுத்தெல்லாம் வேற்றுப் பாஷைக்கு மாறிக்கொண்டது. மூன்றே நாளில் அந்தப் பாஷையைப் பாதி கற்றுவிட்டேன் என்றால் நீ நம்பவா போகிறாய்?

மெக்கானிக் வந்தார். அவர் பையை வைக்க அக்கா மேஜையைக் காலி பண்ணிக் கொடுத்தாள். டிவி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. எழுத்தைத் தமிழுக்குத் திருப்பிவிட்டு, என்னைப் போல ஒரு மூளை அவர் கம்பெனியில் இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நான் மேஜையை ஒழுங்கு பண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினால், பழைய குருடி கதவைத் திறடி. இரண்டாம் தடவையும் அச்சு அசலாக அதே கதை. அந்தத் தடவை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் ஒரு வார்த்தை விட்டார். "டிவியில ஒண்ணும் இல்ல பெரியவரே. வீட்டுல யாரோ செட்டிங்கை மாத்துறாங்க."

வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் மாற்றவில்லை. தொண்ணூறு கிலோ தூக்கின எனக்கு இந்தக் கழித்தல் தெரியாதா?

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று கேட்டேன். "நீதானே ரிமோட்டை நோண்டிக்கிட்டு இருக்கே? என் கண்ணு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லணுமா உனக்கு?"

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அதை எந்தப் பக்கமாப் பிடிக்கணும்னே தெரியாது தம்பி. இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் திருடின்னு பார்க்கிற வீட்டுல நான் எதுக்குடா?"

மறுநாள் காலையில் பையோடு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இன்றோடு பதினோரு நாள். என் சமையலை நானே சாப்பிடுகிறேன், அதுவே தண்டனைதான்.

நேற்று சாயங்காலம் பார்த்தால் கோப்பை கருத்து, கைப்பிடியில் ஒட்டடை. நூறு கிலோ தூக்கின கை, வாழ்க்கையில் முதல்தடவையாக அதை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தது. டிவி பளிச்சென்றது. திரும்ப வைத்தேன், மங்கியது. எடுத்தேன், பளிச். இப்படிப் பதினேழு தடவை. குனிந்து பார்த்தால் திரைக்குக் கீழே எள்ளு அளவில் ஒரு கண். அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதென்று பார்த்து, டிவி தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளுமாம். கோப்பை மறைத்தால் அதற்கு எந்நேரமும் இருட்டு. இதையும் நான் முதலிலேயே ஊகித்துத்தான் வைத்திருந்தேன், சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

ஆக, அக்கா மேல் தப்பு இல்லை. யார் மேல் என்று எழுதத் தாளில் இடம் போதாது. அவளை அனுப்பி வை. என்னையே வந்து கூப்பிடச் சொன்னாலும் வருகிறேன், இடுப்பு வலியோடுதான்.

உனக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி குறைவில்லாமல் உண்டு.

உன் மாமன்.

பின்குறிப்பு: எண்பது, தொண்ணூறு, நூறு எல்லாம் புளுகு. அந்தப் போட்டியில் மூட்டை என்னைத் தூக்காத குறை. கோப்பையைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். அன்னைக்குக் கடைக்கு என்கூட வந்தவ உன் அம்மாதான். முப்பத்தாறு வருஷமா சனிக்கிழமை தவறாம அதைத் துடைச்சு வச்சிருக்கா, ஒருத்தர்கிட்ட மூச்சு விடல. இதை அவளுக்குச் சத்தமாவே படிச்சுக் காட்டு. கோப்பையை அடுப்படிக்கு மாத்திட்டேன், கரண்டி போட்டு வைக்க வசதியா இருக்குன்னு சொல்லு. பிள்ளைங்ககிட்ட மட்டும் எண்பது கிலோன்னே இருக்கட்டும்.