டோக்கியோ சாமியின் கிளி

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, சாப்பாட்டுக் கடை மாடியில், ஞாயிறானால் கூட்டம் நெரியும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அது. தோட்டத்து இளசுகளுக்கெல்லாம் ஜப்பானில் வேலை பார்க்கும் கனவு. அதற்கு மொழி தெரிய வேண்டும். எதை வைத்துப் படிப்பது? புத்தகமா, கசெட்டா, கம்ப்யூட்டர் சீடியா? அதைச் சொல்ல வாத்தியார் எதற்கு, கிளி இருக்கிறதே!

கிளிக்கு உரியவர் டோக்கியோ சாமி. கட்டுநாயக்கா விமான நிலையத்தைக்கூடப் பார்க்காதவர். "அரிகாத்தோ" என்று அவர் சொடுக்கினால் கிளி கூண்டைவிட்டு வரும். புத்தகம், கசெட், சீடி என்று வரிசையாக வைத்த உறைகளில், வந்தவரின் ராசிக்குப் பொருந்துவதைக் கொத்தி எடுக்கும். என்ன அதிசயமோ, பன்னிரண்டு ராசிக்கும் சாமி விற்கும் சீடியே பொருந்தியது.

லெட்சுமிக்கு மூன்று வாரத்தில் கொழும்பில் நேர்முகத் தேர்வு. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து எட்டு மாதமாக ஜப்பான் பாடம் எழுதிய கொப்பி ஒன்றுதான் அவளுக்குத் துணை. அவளுக்கும் கிளி சீடியைத்தான் எடுத்தது. லயத்து வீடுகளில் யாரிடமும் கம்ப்யூட்டர் இல்லையே என்றாள். தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் போதும், மொழி தானாக ஏறும் என்றார் சாமி. ஆனால் ராசிக்கு ஆகாத கொப்பி வீட்டில் இருந்தால் சனி பிடிக்குமாம். இப்போதே சாம்பிராணிச் சட்டியில் போட்டுவிட வேண்டுமாம்.

கூட வந்த புருஷன் முத்துலிங்கம் கை நீட்டினான். அவள்மேல் உயிரையே வைத்திருப்பவன், அதுதான் வம்பு.

"குடுத்துரு புள்ள. ஒன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

லெட்சுமி கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சீடி உறையை எடுத்தாள். கொழுந்தையும் முற்றலையும் பார்க்காமலே பிரிக்கும் விரல்கள், உறையின் மடிப்பில் கிடந்த நாலைந்து அரிசியை விடுமா? தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றுப் பூச்சி மருந்து போட்டுக் கொடுத்த உறை அவள் பையில் இருந்தது. அரிசியை அதன் மடிப்புக்கு மாற்றி, இரண்டு உறையையும் வரிசையில் வைத்தாள்.

"சாமி, இப்ப ஒங்க ராசிக்குப் பாருங்க."

சாமி மழுப்பினார். கூட்டம் விடவில்லை. சொடுக்கினார். கிளி சீடியைத் திரும்பியும் பார்க்காமல் பூச்சி மருந்தைக் கொத்திக்கொண்டு வந்தது. அடுத்து முத்துலிங்கத்தின் ராசி. அதற்கும் பூச்சி மருந்துதான். லெட்சுமி மிச்ச அரிசியைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு சாமி தொண்டை வறள "அரிகாத்தோ" சொல்லியும் கிளி அசையவில்லை.

"அரிகாத்தோன்னா ஜப்பான்ல நன்றிங்க," என்றாள் லெட்சுமி. "ஒங்க கிளிக்கு அது 'அரிசி காட்டு'."

மாடியே சிரித்தது. சாமி கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கினார். பஸ்ஸில் அக்கரப்பத்தனை வரைக்கும் முத்துலிங்கம் கொப்பியை விரித்து, எழுத்தைத் தொட்டுக் காட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான். அவள் திருத்தவில்லை, பதில்தான் தெரியுமே.

லெட்சுமியை விட்டால், அன்று அந்த மாடியில் புத்தியோடு நடந்தது கிளி ஒன்றுதான். உறை மடிப்பில் அரிசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அது கொத்தியது. நாம் எதைப் பார்த்துக் கொத்துகிறோம்?