பாதைத் துறையில் ஒரு பவர் ஸ்டியரிங்

போனில் வீடியோ பார்த்து வாகனம் திருத்தக் கற்றுக்கொண்டவனிடம் கல்யாண வீட்டு வான் வண்டியைக் கொடுக்கக் கூடாது. நான் அப்படிக் கற்றுக்கொண்டவன். என்னிடம் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை என் மனைவி ரஜனியின் தம்பி சுதன். களுதாவளையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்த் தாலி கட்ட வேண்டும். பாலத்தால் சுற்றிப் போகலாம். ‘பாதை’யில் ஏறினால் கிட்ட. (வாகனங்களை ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர்.) பாதையால் போவோம் என்று சொன்னதும் நான்தான்.

துறைக்கு இறங்கும் சரிவில் ஸ்டியரிங் திடீரென்று இறுகியது. இரண்டு கையாலும் மல்லுக்கட்டினேன். வான் இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போய், ஏறும் வழியை அடைத்தபடி குறுக்கே நின்றது.

வேறு யாராவது என்றால் இறங்கி வானைச் சுற்றி ஒருமுறை நடந்திருப்பார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே, “பவர் ஸ்டியரிங் பிரச்சினை,” என்றேன்.

அந்த வானில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே. சீட்டில் மாமி, பட்டுச் சேலையும் மடியில் பலகாரத் தட்டுமாக.

“மாமி, கொஞ்சம் இறங்குங்க. சீட்டத் தூக்கோணும்.”

“என்னத்துக்கு மருமகன்?”

“ஒயில் பாக்க.”

ஒயில் அளவுக் கோட்டில் சரியாக நின்றது. எனக்குச் சற்று ஏமாற்றம். பெல்ட்டை அமுக்கினேன், இறுக்கமாகத்தான் இருந்தது. குழாய்களில் கசிவும் இல்லை. குறையில்லாத ஒவ்வொரு பாகமும் என் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கியது (அந்த நாளில் என் மூளை அப்படித்தான் ஓடியது).

“காத்து,” என்றேன் சுதனிடம். “ஒயிலுக்குள்ள காத்துப் பூந்திருக்கு. நீ ஏறி ஸ்டியரிங்க அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் திருப்பு. குமிழி வருதா எண்டு நான் பாக்கிறன்.”

“அத்தான், நேரம் போகுது.”

“ஸ்டியரிங் இல்லாம எப்பிடிடா போறது?”

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். திருப்பத் திருப்ப வான் முனகியது. நெற்றிச் சந்தனம் வழிந்து மூக்கு நுனிக்கு வந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்தன. பாதைக்காரர் இறங்கி வந்து, “தம்பி, வான எடுக்கிறீங்களா, இல்ல கல்யாணத்த இஞ்சயே முடிக்கிறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“பம்ப் போயிற்று,” என்று அவருக்கும் தீர்ப்புச் சொன்னேன்.

அப்போதுதான் வெளியே நின்ற மாமி கேட்டார்:

“மருமகன், இந்தப் பக்கச் சில்லு ஏன் சப்பிப்போய்க் கிடக்கு?”

“அது கிடக்கட்டும் மாமி,” என்று நான் சொல்லி முடிக்க முன்னரே எல்லோரும் குனிந்தார்கள். இடப்பக்க முன் டயர் தோசைபோலத் தரையோடு படிந்திருந்தது. காற்றுத்தான் பிரச்சினை என்று நான் சொன்னது பிழையல்ல. அது ஒயிலுக்குள் புகவில்லை. டயரை விட்டுப் போயிருந்தது.

“மேலதிக டயர் எங்க?” என்றாள் ரஜனி.

வாழைக்குலைக்கு இடம் வேண்டுமென்று அதை வீட்டில் இறக்கி வைத்ததும் நான்தான்.

அதன் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வானை ஓரமாகத் தள்ளினார்கள். மாமியும் ரஜனியும் தட்டோடு நடந்தே பாதையில் ஏறினார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மீன் வியாபாரி, தன் முதுகுக்கும் மீன் பெட்டிக்கும் நடுவே மாப்பிள்ளையை இருத்திக்கொண்டார். நான் வானுக்குக் காவல்.

தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. மணவறையில் பெண் அவனிடம் முதலில் கேட்டது, “என்ன மீன்?” என்றுதானாம். “பாரை,” என்றிருக்கிறான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கிணற்றுப் பம்ப் தண்ணீர் இறைக்காவிட்டாலும் பிள்ளை சாப்பிடாவிட்டாலும் நான் வாய் திறந்ததும், “முதல்ல டயரப் பாருங்க,” என்பார்கள். போன மாதம் குதிக்கால் வலியென்று டொக்டரிடம் போனேன். நரம்பா, எலும்புத் தேய்வா, சீனி வருத்தமா என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க, ரஜனி குறுக்கிட்டாள்.

“டொக்டர், நீங்க முதல்ல கால ஒருக்காத் திருப்பிப் பாருங்க.”

அவர் திருப்பிப் பார்த்தார். நெருஞ்சி முள்.