பாட்ஸ் அண்ணையின் துப்பாக்கி

கோழியைக்கூட முழுதாக வாங்காத மனிதர் ஒருவர் பாரிஸ் மாநகரத்தில் உண்டென்றால், அவர் எங்கள் பாட்ஸ் அண்ணைதான். கால் ஒரு கடையில், நெஞ்சு இன்னொரு கடையில், ஈரல் வேறொரு கடையில் வாங்குவார். குழம்பு கொதிக்கும்போது எட்டிப் பார்த்தால் அந்தக் கோழிக்கு மூன்று கால் இருக்கும்.

அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். உதிரி பாகங்களை நாம் பார்ட்ஸ் என்போம், யாழ்ப்பாணத்து வாயில் அது பாட்ஸ். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெரு முழுக்க அவரை அப்படித்தான் அழைத்தது. பிரெஞ்சு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவது அவருக்கு வேலை. சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த நான், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த அவருடைய வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அறை என்று சொன்னது அவர். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே மூச்சு விடும் அளவுக்கு இடம் இருந்தது, மற்றதெல்லாம் பாட்ஸ்.

அவருடைய சைக்கிளுக்கு முன்சக்கரம் பெரியவர்களுடையது, பின்சக்கரம் யாரோ குழந்தையுடையது. சமதரையில் போனாலும் மேடு ஏறுவது போலவே இருப்பார். சுவரில் துளை போடும் இயந்திரத்தை வைத்து மிக்ஸி ஒன்று செய்தார். முதல் நாள் தேங்காய்ச் சட்னி அரைத்தோம். சட்னியெல்லாம் கூரைக்குப் போய்விட்டது.

"மிக்ஸி நல்லா வேலை செய்யுது தம்பி. மூடிதான் இன்னும் கிடைக்கேல்லை" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

"ஏன்ணே, கடையில முழுசா ஒண்ணு வாங்கிட்டா என்ன?"

"முழுசா வாங்கினா, பழுதாப் போகேக்கை முழுசும் போயிடும். பாட்ஸாப் பூட்டினா, போறது ஒரு பாட் மட்டும்தான். படிச்சனீர், இது விளங்கேல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. தலையில் இருந்த சட்னியைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வருடத்தில் ஒருநாள் ராஜ மரியாதை கிடைக்கும். லா கூர்னெவ் பக்கத்து மைதானம் ஒன்றில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஓட்டத்தைத் தொடங்கி வைப்பவர் பாட்ஸ் அண்ணை. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, வானத்தை நோக்கி உயர்த்திய கையில் வெடிச்சத்தம் போடும் துப்பாக்கி, அவர் வாயில் துவக்கு. அது குண்டில்லாத வெறும் சத்தத் துப்பாக்கிதான். பள்ளி நிர்வாகம் கடையில் முழுதாக வாங்கிக் கொடுத்தது. அதனாலேயே அண்ணைக்கு அதைப் பிடிக்காது என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

நான் போன முதல் வருடம் அந்தக் கேலி நின்றுபோனது. கீழே சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிக்கும் மலர் அக்கா, போர் நடந்த வன்னியிலிருந்து மகளோடு வந்து அதிக காலம் ஆகவில்லை. மகள் யாழினி ஓடுவதைப் பார்க்க, ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றிருந்தார். அண்ணை சுட்டார். மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள். மலர் அக்கா பாய்ந்து, மகளைத் தரையில் தள்ளி, அவள்மேல் குப்புறப் படுத்துவிட்டார். அவரை எழுப்ப வெகுநேரம் ஆனது. எழுந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வருடப் போட்டிக்கு யாழினி பெயர் கொடுத்தாள். "பிள்ளை போகட்டும். நான் வரேல்லை" என்றுவிட்டார் மலர் அக்கா. அம்மா வராவிட்டால் தானும் ஓடப்போவதில்லை என்று மகள் சாப்பாட்டை ஒதுக்கினாள். இரண்டு பேரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

பாட்ஸ் அண்ணை நேராக நிர்வாகச் செயலாளரிடம் போனார்.

"உந்தத் துவக்கை இனித் தொடமாட்டன். நான் ஒண்டு பூட்டிறன்."

"என்னத்துக்கு அண்ணை? விசில் அடிப்பம்" என்றார் செயலாளர்.

"விசில் நிப்பாட்டிறதுக்கு. ஓடவிடுறதுக்கு இல்லை."

"சரி, பூட்டுங்கோ. அண்டைக்குக் காலமை உங்கடை வேலை செய்யேல்லையெண்டா, பழசைத்தான் அடிப்பம். சம்மதமோ?"

அண்ணை சம்மதித்தார். பழசை அடித்தால் மலர் அக்கா மைதானத்துப் பக்கமே வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஆயுதத் தொழிற்சாலை ஆனது. நடைபாதையில் யாரோ எறிந்துவிட்டுப் போன பொம்மைத் துப்பாக்கியின் கைப்பிடி, கழுவுதொட்டிக் குழாயில் ஒரு துண்டு, பழைய மோட்டார் வண்டியின் ரப்பர் ஹாரன், குக்கர் விசில் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு ஸ்பிரிங் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்தது. ராத்திரி படுக்கும்போது என் கட்டில் சொன்னது.

முதல் துப்பாக்கி தும்மியது. பக்கத்து அறையிலிருந்து நான் என்னையறியாமல் "நூறு வயசு" என்றேன். அடுத்தது ஆடு மாதிரிக் கத்தியது. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு கீழே கடைச் சமையலறை வாசலுக்குப் போவார். "தங்கச்சி, அடிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். ஒன்றின் சத்தத்தில் மலர் அக்கா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அண்ணை மேலே வந்து அதைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

கடைசியாகச் செய்தது வேறு ரகம். அதை அழுத்தியதும் மலர் அக்கா இடியப்ப உரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, இது வெடியோ, வயிறோ?"

சொல்லிவிட்டு அவரே முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணைக்குத் தேர் இழுத்த சந்தோஷம். "அப்ப வாறீரோ?" என்றார்.

"ஓம், இதெண்டா வாறன்."

போட்டி நாள் காலையில் நாலு பேரும் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். மழை வரும்போல் இருந்ததால் நான் புதிதாக வாங்கிய, வளைந்த பிடி போட்ட குடை ஒன்றை எடுத்துக்கொண்டேன். துப்பாக்கியைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணையிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். கழற்றுவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

நிலையத்துக்குள் போலீஸ்காரர்கள் எத்தனையோ பைகளை விட்டுவிட்டு அவருடைய பையைத் திறக்கச் சொன்னார்கள். துப்பாக்கிக் கைப்பிடி வெளியே வந்தது. இது என்ன என்று கேட்டார் மூத்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை சமையலறைப் பிரெஞ்சில் விளக்கினார்: இது பிஸ்டல் இல்லை, பாட்ஸ் மட்டும்தான். மூத்தவர் முகம் இறுகியது.

"தம்பி, இவைக்கு விளங்கேல்லை. பொறும், பூட்டிக் காட்டுறன்."

"அண்ணே, வேணாம். கையைத் தூக்குங்க அண்ணே. வேணாம்னா கேளுங்க."

போலீஸ்காரர்கள் முன்னால் தரையில் குந்தித் துப்பாக்கி பூட்டிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அவர்களுடைய கைகள் இடுப்புக்குப் போயின. என் விசாவும் என் அம்மாவும் கண்முன் வந்து போனார்கள். நான் சத்தம் போட்டு நிறுத்துவதற்குள் அண்ணை எல்லாவற்றையும் பொருத்தி, தரையைப் பார்த்து அழுத்திவிட்டார்.

அந்தப் பெரிய நிலையத்தில், ஏப்பமும் வாத்தும் சேர்ந்தது போல ஒரு சத்தம் எழுந்தது. இளம் போலீஸ்காரி ஒருத்தி திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். மூத்தவர் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். பிறகு எங்களைப் பிடித்து வைத்துத் திட்டினார், நியாயமான திட்டு. துப்பாக்கி மாதிரித் தெரிவது கைப்பிடி மட்டும்தான் என்று அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தார்.

"பாத்தீரோ? முழுசா வாங்கியிருந்தா முழுசும் போயிருக்கும்" என்றார் அண்ணை ரயிலில். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய தத்துவம் எனக்கு விளங்கியது.

மைதானத்தில் செயலாளர் பழைய துப்பாக்கியோடு தயாராக நின்றார். கைப்பிடி இல்லாத குழாயைக் கண்டதும், "சரி வராது அண்ணை. பிள்ளையள் நிக்கினம், இதைப் பிடியுங்கோ" என்று நீட்டினார். அதைக் கண்ட மலர் அக்கா யாழினியின் கையைப் பிடித்தபடி பின்னால் நகரத் தொடங்கினார். ஒவ்வொரு அடியாகத்தான் நகர்ந்தார்.

அண்ணை சுற்றும் முற்றும் பார்த்தார். அவருடைய பார்வை என் குடையில் நின்றது.

"அண்ணே, அது புதுசு" என்றேன்.

அவர் மலர் அக்காவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். நான் குடையைக் கொடுத்துவிட்டேன்.

அவர் குடையிலிருந்து கழற்றிப் பூட்டிய வளைந்த பிடி குழாயோடு சேர்ந்து பார்ப்பதற்கு அசிங்கமாக இருந்தது. பிடிக்க வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அண்ணை கையை உயர்த்தினார். "தங்கச்சி, அடிக்கப் போறன்" என்று மைதானமே கேட்கச் சொன்னார். அழுத்தினார்.

ஒரு பிள்ளையும் ஓடவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்ப வரிசையில் நிறுத்தி இன்னொரு முறை அடித்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே ஓடினார்கள். யாழினி நாலாவதாக வந்தாள். மலர் அக்கா கோட்டுக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளி, "ஓடு பிள்ளை, ஓடு" என்று கத்திக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்த பிறகும் கத்தினார்.

அண்ணை ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை. மலர் அக்காவைப் பார்த்தபடி, உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றார்.

என் குடைக்கு வேறொரு பிடி தேடித் தருவதாக அவர் பிறகு பலமுறை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். மழை வந்தால் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். கை குளிரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது.